பொதுப்பணமும் ஊர்மக்களும்: கொழும்பில் ஒரு சமகாலக் கலைக்கண்காட்சியை நடத்தும் முறை

கொழும்பில் சமகாலக் கலைக்கண்காட்சி ஒன்றை நடத்த முன்வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் மண்டபத்தைத் தேடுகிறார்கள், பிறகு பணத்தைத் தேடுகிறார்கள், அழைப்பிதழ் அச்சாகி வந்த பின்னரே பார்வையாளர்களைத் தேடுகிறார்கள். பணம் ஒரு தனவந்தரின் கையிலிருந்து வருமானால் இந்த வரிசையைப் பொறுத்துக்கொள்ளலாம். அரசிடமிருந்தோ, மாநகர சபையிடமிருந்தோ, வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்தோ பொதுப்பணத்தைப் பெற்று, “மக்கள் பங்கேற்புடன்” என்று விண்ணப்பத்தில் எழுதி நடத்தும் கண்காட்சியில் அது பொருந்தாது. அந்த மக்கள் விண்ணப்பம் எழுதப்படுவதற்கு முன்பே வேலைக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்தக் கருத்திலிருந்தே தொடங்குகிறது.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனைப் பகுதியில், நாம் தோட்டம் என்று அழைக்கும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவிட்டு, இப்போது அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களோடு சேர்ந்து, வீடு என்பதைப் பற்றி நான்கைந்து ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் ஒரு கண்காட்சி செய்ய விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலோ மட்டக்குளியிலோ வேறொரு பொருளில் செய்தாலும் வழி ஏறத்தாழ இதுவேதான்.

முதலில் ஊர்

ஊருக்குள் போவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று உத்தியோகபூர்வமானது: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர், சனசமூக நிலையத்தின் தலைவர், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை. மற்றது பழக்கத்தால் திறப்பது: மூலைக் கடைக்காரர், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை, மரண உதவிச் சங்கத்துக்கு வீடு வீடாகச் சந்தா சேர்க்கும் அம்மா. முதல் வாசலைத் தவிர்த்தால் பின்னர் அனுமதிக் கடிதங்களுக்கு அலைய நேரும். இரண்டாவதைத் தவிர்த்தால் கூட்டத்துக்கு வருவோர் எப்போதும் வரும் அதே ஏழெட்டுப் பேராகவே இருப்பார்கள். எனவே இரண்டிலும் போக வேண்டும். உத்தியோகத்தரிடம் எழுத்து மூலமாக அறிவித்துவிட்டு, உண்மையான அழைப்பைக் கடைக்காரரும் ஆசிரியையும் சொல்லும்படி விடுவது நல்லது.

கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் மிகுந்த கவனம் தேவை. புறக்கோட்டையில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு வார நாளின் பகற்பொழுது என்பது அன்றைய வருமானம். ஞாயிறு காலையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பூசைக்குப் போகும், வெள்ளி நண்பகலில் முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்குப் போவார்கள், இரவுச் சமையல் நேரத்தில் பெண்கள் வரமாட்டார்கள். கொட்டாஞ்சேனை போன்ற கலப்பான ஊரில் ஞாயிறு பிற்பகல் நான்கு மணியளவில் கூடுவதே பெரும்பாலும் எல்லோருக்கும் இசைவாக அமையும். ஆடிவேல் காலத்திலும் நோன்பு மாதத்திலும் கூட்டம் வைக்காமலிருப்பது மேல்.

முதற் கூட்டத்தில் கருத்திட்டத்தை விளக்கிச் சம்மதம் கேட்பதைவிட, அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுப்பது அதிகப் பயன் தரும். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. ஓவியர் தா. சனாதனன், 2011 இல் வெளிவந்த தம் நூற்படைப்புக்காக, போரினால் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். ஓவியப் பயிற்சி எதுவும் இல்லாதவரால்கூடத் தம் வீட்டில் கிணறு எங்கே இருந்தது, சாமியறை எந்தப் பக்கம் இருந்தது என்று கோடிழுத்துக் காட்ட முடியும். கோடு இழுக்கும்போதே கதை தானாக வந்துவிடும். நம் உதாரணத்தில், தோட்டத்தின் பொதுக் குழாயடி எங்கே இருந்தது, யாருடைய வாசலில் இரவில் உட்கார்ந்து பேசுவார்கள் என்று ஒரு பெரிய தாளில் எல்லோரும் சேர்ந்து வரையலாம். அந்தத் தாள் பின்னர் கண்காட்சியின் முதற் படைப்பாகவே ஆகக்கூடும். கூட்டம் முடியும்போது, ஊரவர் ஐந்தாறு பேரைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதில் அவர்களுக்கு உண்மையான அதிகாரம் உண்டு என்பதைக் குறிப்பேட்டில் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். வெறும் மரியாதைக்காகப் பெயர் போடும் குழுவை ஊர் இரண்டாவது கூட்டத்திலேயே இனங்கண்டுகொள்ளும்.

பணம் எங்கே இருக்கிறது

இலங்கையில் கலைக்கான அரச அமைப்புகள் புதியவை அல்ல. 1952 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இலங்கைக் கலைக்கழகம் உருவானது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய குழு அதில் உண்டு. பத்தரமுல்லை செத்சிறிபாயவில் இயங்கும் கலாசார அலுவல்கள் திணைக்களம், இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம், மேல் மாகாண சபை, கொழும்பு மாநகர சபை ஆகியவற்றின் கதவுகளையும் தட்டலாம். இவற்றிடமிருந்து பெருந்தொகையை எதிர்பார்ப்பதைவிட, மண்டபம், மேடை, கதிரைகள், அச்சு வேலை, அனுமதி போன்றவற்றைப் பொருளாகக் கேட்பது எளிதில் கைகூடும். மாநகர சபை தன் சனசமூக நிலையத்தைக் கட்டணமின்றித் தருமானால், அதுவும் பொதுநிதிதான். அதன் மதிப்பை வரவுசெலவுத் திட்டத்தில் வருமானமாகக் காட்ட வேண்டும்.

எந்தத் திணைக்களத்தில் என்ன உதவித் திட்டம் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தார்கள், எந்த அடிப்படையில் தெரிவு செய்தார்கள் என்பது விளம்பரப் பலகையில் தெரியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இது சண்டை பிடிக்கும் வழியன்று. கலைஞர்கள் இதைக் கையில் எடுக்கத் தயங்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, ஏனெனில் நிதி வழங்கும் முறை தெரிந்தவர்களுக்கே மீண்டும் மீண்டும் நிதி போய்ச்சேருவதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது என்பதை மறக்கக்கூடாது. அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் கண்காட்சிக்கான கோரிக்கையை இவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே, திணைக்களங்கள் தம் மதிப்பீடுகளைத் தயாரிக்கும் காலத்தில் கொடுத்துவைக்க வேண்டும். நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வந்த பிறகு போனால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பதிலே கிடைக்கும்.

வெளிநாட்டுப் பொதுப்பணமும் கொழும்பின் சமகாலக் கலைக்கு முக்கியமானது. ஜெர்மனியின் கதே நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில், பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவை அந்தந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தின் துணையோடு இயங்குபவை. சுவிட்சர்லாந்தின் புரோ ஹெல்வெசியா அமைப்பு புதுடில்லி அலுவலகத்தின் வழியாகத் தென்னாசியாவில் பணிபுரிகிறது. 2013 இல் தொடங்கிய கொழும்பஸ்கோப் என்ற சமகாலக் கலை விழா, இத்தகைய பண்பாட்டு நிறுவனங்களின் ஆதரவில் வளர்ந்தது. அவ்விழா 2015 இல் கொம்பனித்தெருவின் ரியோ திரையரங்கக் கட்டடத்தில் நடந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் தீக்கிரையாகி, அதன் பின் பாழடைந்து நின்ற கட்டடம் அது. கண்காட்சிக்கு வெள்ளைச் சுவர் மண்டபம் மட்டும்தான் இடம் என்ற எண்ணத்தை உடைத்ததற்காகவே அந்த நிகழ்வை நான் மதிக்கிறேன்.

ஒரேயொரு கொடையாளரிடம் முழுப் பணத்தையும் வாங்காதீர்கள். ஒருவர் பின்வாங்கினால் முழு வேலையும் நின்றுவிடும் என்பதோடு, ஒரே பணம் ஒரே விருப்பத்தையும் கூடவே கொண்டுவரும். பதிவும் வேண்டும்: தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு நிறுவனங்கள் பணம் அனுப்பத் தயங்கும். சிறு குழுவினர் ஏற்கெனவே பதிவான கலைச்சங்கம் ஒன்றின் ஊடாக விண்ணப்பிக்கலாம். நீண்டகாலம் இயங்க நினைப்பவர்கள் 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட, அதாவது பங்குகள் இல்லாத, கம்பனியாகப் பதியலாம்.

விண்ணப்பமும் வரவுசெலவும்

விண்ணப்பத்தில் கருத்தை விளக்கும் பகுதிக்கு நாம் அதிக நேரம் செலவிடுகிறோம். மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் வரவுசெலவுப் பக்கத்தையே. “மக்கள் பங்கேற்பு” என்று பத்து இடங்களில் எழுதிவிட்டு, பணப் பட்டியலில் மக்களுக்கென்று ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே பொருளில்லை. ஆலோசனைக் குழுவினருக்கான படி, கூட்டங்களுக்கு வருவோரின் பயணச் செலவு, தேநீர், பகலுணவு, பயிற்சிப்பட்டறை நாளில் வேலையை விட்டு வருபவருக்கான அன்றைய கூலி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கான கொடுப்பனவு, மும்மொழி பெயர்ப்பு, இரவல் பொருட்களுக்கான காப்புறுதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். ஓவியருக்கு ஊதியம் கொடுத்துவிட்டு, கதையும் பொருளும் நேரமும் தந்தவருக்கு பிளாஸ்டிக் குவளையில் ஒரு கோப்பி மட்டும் கொடுப்பது நியாயமன்று.

வெளிநாட்டு நாணயத்தில் வரும் தொகையானால், நாணயமாற்று அசைவுக்கும் இடம் விடுங்கள். 2022 மார்ச்சுக்கு முன் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 350 ரூபாயைத் தாண்டியது. அதே காலத்தில் பிளைவூட், மை, எரிபொருள் எல்லாம் விலை ஏறி, பல மணிநேர மின்வெட்டும் வந்தது. அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கு எவராலும் முன்கூட்டித் திட்டமிட முடியாது. ஆனாலும் மொத்தத் தொகையில் பத்து வீதத்தை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கி, அதைக் கொடையாளருக்கு வெளிப்படையாகச் சொல்வது ஏற்கப்பட்ட வழக்கமே.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். போர், காணாமலாக்கப்படுதல், காணி, வெளியேற்றம் ஆகியவற்றைத் தொடும் கண்காட்சியில், விண்ணப்பத்தை அழகுபடுத்துவதற்காக மக்களின் பெயர்களையும் துயரக் கதைகளையும் முன்கூட்டியே எழுதி அனுப்பக்கூடாது. விண்ணப்பங்கள் பலர் கைகளுக்குப் போகும். ஊரின் பெயரும் பொதுவான விவரிப்பும் போதும்.

இரவல் பொருளும் நம்பிக்கையும்

மக்கள் பங்கேற்கும் கண்காட்சியில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, வீடுகளிலிருந்து பொருட்கள் வந்து சேரும் நாட்கள். 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில், மக்களிடமிருந்து சேகரித்த அன்றாடப் பொருட்களைக் கொண்டே ஒரு நிறுவல் படைப்பு, அதாவது பொருட்களை இடத்தில் அடுக்கி அமைக்கும் படைப்பு, உருவானது. எரிந்து மீண்டும் எழுந்த நூலகத்தில், சாதாரண வீட்டுப் பொருட்கள் சான்றுகளாக அடுக்கப்பட்டன. கலைஞர்கள் தம் கைவண்ணத்தைப் பின்னால் நிறுத்தி, பிறர் தந்ததை ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்றதில்தான் அந்தப் படைப்பின் வலு இருந்தது.

அத்தகைய நம்பிக்கையைப் பெற, தாளில் நேர்மை வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பிரதிகள் கொண்ட இரவல் படிவம் தேவை. ஒன்று கொடுத்தவரிடம், மற்றது உங்களிடம் இருக்கும். அது அவர் வாசிக்கும் மொழியிலேயே அமைய வேண்டும். உதாரணமாக ஒரு தகரப் பெட்டி வருகிறதென்றால், “பழைய பெட்டி ஒன்று” என்று எழுதி முடித்துவிடக்கூடாது. “பச்சை வர்ணம் பூசிய தகரப் பெட்டி, நீளம் 60 சென்ரிமீற்றர், மூடியின் இடது மூலையில் துரு, பூட்டு இல்லை, உள்ளே பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒட்டப்பட்டுள்ளது” என்று எழுதி, நான்கு பக்கமும் படமெடுத்து, எந்தத் திகதியில் யார் திருப்பிக் கொண்டுவந்து தருவார் என்பதையும் குறிப்பிட வேண்டும். படிவத்தை நிரப்பும்போது வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தால், துரு எப்படி வந்தது, சான்றிதழ் ஏன் ஒட்டப்பட்டது என்று அவரே சொல்லத் தொடங்குவார். கண்காட்சியின் மிகச் சிறந்த குறிப்புரைகள் இப்படித்தான் கிடைக்கின்றன.

பழைய புகைப்படங்களின் மூலப் பிரதிகளை வாங்கவே வேண்டாம். ஸ்கேனரை வீட்டுக்கே கொண்டுபோய், அவர்கள் கண்முன்னே ஸ்கேன் செய்து, மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொழும்பின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிக்கொண்ட ஒரு திருமணப் படத்தை யாராலும் மீட்டெடுக்க முடியாது. படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு உரியது என்பதையும், 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது படைப்பாளியின் ஆயுளோடும் அதன் பின் எழுபது ஆண்டுகளோடும் தொடர்கிறது என்பதையும் மனத்திற்கொண்டு, காட்சிக்கு ஓர் அனுமதி, நூலில் அச்சிட ஓர் அனுமதி, இணையத்தில் இட ஓர் அனுமதி என்று தனித்தனியே கேளுங்கள். சுவரில் தொங்க விடச் சம்மதித்த ஓர் அம்மா, முகநூலில் வருவதை விரும்பாமலிருக்கலாம். கண்காட்சி திறந்த பின்னரும் மனம் மாறினால் பொருளை எடுத்துவிடும் உரிமை அவருக்கு உண்டு என்று படிவத்திலேயே எழுதுங்கள்.

இடம், சுவர், எழுத்து

லயனல் வென்ட் கலையரங்கம், ஹோட்டன் பிளேசில் உள்ள ஜே. டி. ஏ. பெரேரா காட்சியகம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ள கலாபவனம் ஆகியவை கலை நோக்கர்கள் எளிதில் வந்துசேரும் இடங்கள். ஆனால் அவை அனைத்தும் வசதியானோர் வாழும் கொழும்பு ஏழில் இருக்கின்றன. கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்று அங்கே தானாக வந்து நுழையும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே மாவத்தையின் நடைபாதையில், 1993 இலிருந்து நடந்துவரும் கலாபொல ஓவியச் சந்தைக்குக் குடும்பங்கள் பிள்ளைகளோடு திரண்டு வருகின்றன. வாசல் இல்லாத இடத்துக்குள் நுழைவதில் எவருக்கும் கூச்சமில்லை என்பதே நான் அதில் கண்ட காரணம். எனவே கண்காட்சியை இரண்டு கட்டமாக வைப்பதே என் பரிந்துரை: முதலில் ஊரிலேயே சனசமூக நிலையத்தில் பத்து நாள், பிறகு நகரின் காட்சியகத்தில் அல்லது 1942 இல் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் சில நாள். ஊரில் முதலில் திறப்பது முக்கியம்; தம் கதையைத் தாமே கடைசியாகப் பார்ப்பவர்களாக அவர்கள் ஆகக்கூடாது. நடைபாதை, பூங்கா போன்ற இடங்களுக்கு மாநகர சபையின் அனுமதியும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் தேவை.

படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வருவது காட்சியக வழக்கம். பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அதிகமென்றால் சற்றுத் தாழ்த்துங்கள். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் தாளால் ஆன படைப்புகளை நேரடியாக அழுத்தித் தொங்கவிடாமல், சட்டத்தின் பின்னால் சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட இடைவெளி விடுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தையும், ஒக்டோபர் நவம்பர் இடிமழையையும் தவிர்த்து ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தைத் தெரிவு செய்வது நல்லது.

எழுத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக இருக்கும் நாட்டில், பொதுப்பணத்தில் நடக்கும் கண்காட்சியின் தமிழ்க் குறிப்புகள் பிழையோடு தொங்குவதை நாம் இனியும் பொறுக்கக்கூடாது. 2019 டிசெம்பரில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை நூதனசாலை மும்மொழியிலும் குறிப்புகள் தருவதை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறது. அது செய்யக்கூடிய காரியம்தான். முதலில், ஊரவர் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, அதிலிருந்து மற்ற இரு மொழிகளுக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, அச்சகத்தில் கவனமாக இருங்கள். யுனிகோட்டில் தட்டச்சிட்ட கோப்பைச் சில அச்சகங்கள் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றும். அப்போது கொம்பும் காலும் இடம் மாறி, “கொழும்பு” என்பதே வாசிக்க முடியாமற் போகும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகவே கொடுத்து, எல்லாப் பிரதிகளையும் அச்சிடுவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதியை வாங்கி, தமிழ் வாசிக்கும் இருவர் உரத்து வாசித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிக இடம் பிடிக்கும் என்பதால், மூன்று மொழிக்கும் ஒரே அளவு பெட்டி ஒதுக்கித் தமிழை மட்டும் சிறிய எழுத்தில் நெருக்கும் வடிவமைப்பை ஏற்காதீர்கள்.

திறந்த பிறகு

திறப்பு விழாவில் மங்கல விளக்கை ஏற்ற அமைச்சர் யாராவது வேண்டுமென்று கொடையாளரோ மண்டபத்தாரோ கேட்கக்கூடும். வரட்டும், ஆனால் முதல் திரியை ஆலோசனைக் குழுவின் மூத்தவர் ஏற்றட்டும் என்று முன்கூட்டியே நிகழ்ச்சிநிரலில் எழுதிவிடுங்கள். ஊர் இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமித்து, நாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் கொடுங்கள். அவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கத் தேவையில்லை. தம் பாட்டியின் பெட்டியைக் காட்டிப் பேசத் தெரிந்தாலே போதுமானது.

வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், கண்காட்சியின் வரவுசெலவை ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்: யார் எவ்வளவு தந்தார்கள், எதற்கு எவ்வளவு போனது. பொதுப்பணத்தின் கணக்கைப் பொதுமக்கள் பார்ப்பதில் மறைக்க ஒன்றுமில்லை. ஊருக்குள் எழக்கூடிய சந்தேகங்களில் பாதி அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

பற்றுச்சீட்டுகளை அன்றன்றே இலக்கமிட்டுக் கோப்பில் சேருங்கள். நாட்கூலிக்கு வந்தவரிடமும் முச்சக்கர வண்டிக்காரரிடமும் அச்சிட்ட பற்றுச்சீட்டு இருக்காது. அதற்கென வவுச்சர் புத்தகம் ஒன்றை வைத்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை, தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பல கொடையாளர்கள் கடைசித் தவணையை அறிக்கை வந்த பிறகே விடுவிப்பார்கள் என்பதால், இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் தச்சருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மாதக்கணக்கில் தேங்கிவிடும்.

கண்காட்சி கழற்றப்பட்ட ஒரு வாரத்துக்குள் இரவற் பொருட்கள் எல்லாவற்றையும் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பிரதிகளிலும் “திரும்பப் பெற்றேன்” என்று கையொப்பம் பெற வேண்டும். மீந்த பலகைகளையும் விளக்குகளையும் அப்பகுதிப் பாடசாலையின் சித்திரப் பாட ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். கொடையாளருக்கு எழுதும் அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்றைச் சனசமூக நிலையத்துக்கும், மற்றொன்றைக் கொழும்புப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, ஆலோசனைக் குழு எதையெல்லாம் காட்ட வேண்டாம் என்று தடுத்தது, அடுத்த முறை எதை வேறுவிதமாகச் செய்யக் கேட்டது என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்த கண்காட்சிக்கான விண்ணப்பத்தை அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டே எழுதத் தொடங்கலாம்.